மஞ்சக்கா கடக்கும் நேரம்

வசந்தகுமாரிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்டவள்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்ரீ பாலாம்பிகா ரோட்லைன்ஸ் என்ற லாரி கம்பெனியின் நூற்று நாற்பது டிரைவர்களுக்கும், இவர் வண்டியை எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இருபது வருஷம் லோடு அடித்த மனுஷர்கள் அவள் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "பாத்து போட்டு உடும்மா" என்பார்கள். முதல் ஒரு மாதம் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

எல்லாம் ஒரு பொம்மை வண்டியால் வந்த வினை. தொண்ணூற்றாறில் முதலாளி சிங்கப்பூருக்குப் போனார். போனவர் ஊர் உலகத்தைப் போல டிவியோ சென்ட்டோ வாங்கி வரக்கூடாதா? அங்கே ஏதோ டிரைவிங் பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய மெஷின் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். லாரியின் முன்பாகம் மட்டும் இருக்கும். ஸ்டியரிங், கிளட்ச், பிரேக், கியர் எல்லாம் நிஜம். எதிரே மூன்று பெரிய திரை. கம்ப்யூட்டரைத் தட்டினால் திரையில் ரோடு ஓடும், மழை பெய்யும், எதிரே பஸ் வரும், உட்கார்ந்திருக்கிற சீட்டு குலுங்கும். இன்றைக்குப் பிள்ளைகள் கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு ஆடுகிறார்களே, அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு டிரைவரும் அதில் இருபது நிமிஷம் ஓட்டி மார்க் வாங்க வேண்டும். மெஷின் கொடுக்கும் எண்களை வசந்தகுமாரி ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் டைப் அடித்துக் கையெழுத்துப் போடுவாள். சீட்டு இல்லாதவனுக்கு டூட்டி கிடையாது. ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள், ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போன பாவத்துக்கு மெஷினும் அவள் தலையில் விழுந்தது.

மெஷினில் ஒரே ஒரு கோளாறு இருந்தது. பதினோராவது நிமிஷத்தில் மழைக் காட்சி வரும். இடது பக்கம் ஒரு பஸ் நின்றுகொண்டிருக்கும். அந்தப் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து மஞ்சள் மழைக்கோட்டு போட்ட பொம்பளை ஒருத்தி திடுதிப்பென்று ரோட்டில் இறங்குவாள். டிரைவர் பதறிப்போய்ப் பிரேக்கை ஓங்கி மிதிப்பான். மிதித்ததும் மூன்று திரையும் அப்படியே உறைந்துவிடும். கண்ணாடி முழுக்க மஞ்சள் தீற்றல் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அப்புறம் மெஷினை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொரு ஃப்ளாப்பியாகப் போட்டுக் கிளப்ப முக்கால் மணி நேரம். வெளியே பெஞ்சில் டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். லோடு ஏற்றிய வண்டிகள் கேட்டில் நிற்கும். மேனேஜர் சண்முகசுந்தரம் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "இன்னிக்கும் படுத்துடுச்சா?" என்று கேட்பார், என்னவோ இவள்தான் பாய் விரித்துப் படுக்கப்போட்ட மாதிரி. இரண்டு மெமோகூடக் கொடுத்தார்.

கிண்டியிலிருந்து வந்த இன்ஜினியர் அரைமணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அந்த எடத்துல திடீர்னு பிரேக் அழுத்தறத இது தாங்கல மேடம். ஒரிஜினல் டிஸ்க் இருந்தா சரி பண்ணலாம். அங்க மட்டும் பிரேக் போட வேணாம்னு சொல்லிடுங்க."

"அந்த லேடி மேல ஏறிடாதா சார்?"

"ஏறாது. அவளுக்குள்ள பூந்து போயிடும். மெஷின் அத கணக்குலயே எடுத்துக்காது."

அவர் போனபின் வசந்தகுமாரி தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். லாரி மஞ்சள் கோட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. சத்தமில்லை, குலுக்கலில்லை. கடைசியில் வந்த எண்களில் பாதசாரி கவனம் பத்துக்குப் பத்து என்று இருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். அன்றைக்கு அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. வண்டியில் ஏறும் ஒவ்வொரு டிரைவரிடமும், "அண்ணே, மழையில மஞ்ச கோட்டு போட்டுகினு ஒருத்தி வருவா. பிரேக்ல கால் வெக்காதீங்க. ஆக்சிலேட்டர விடாம அப்படியே போய்க்கினே இருங்க. அது வெறும் காத்து" என்பாள். டிரைவர்களும் டிரிப் கெடாமல் இருந்தால் சரி என்று இருந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த மஞ்சள் கோட்டுக்காரிக்கு மஞ்சக்கா என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் ஒரு வழக்கமே உண்டாயிற்று. அவளுக்குள் புகுந்து போகும்போது, "வரேன் மஞ்சக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஷெட்டே சிரிக்கும். தினமும் காலையில் டிரைவர்கள் வருவதற்கு முன்னால் மெஷின் சரியாக இருக்கிறதா என்று வசந்தகுமாரி ஒரு முழு ஓட்டம் ஓட்டிப் பார்ப்பாள். அவளும் தனியாக உட்கார்ந்து, "வரேன் மஞ்சக்கா" என்று சொல்லிக்கொள்வாள்.

மசியாதவர் ஒரே ஒருத்தர். பூந்தமல்லி ஹபிபுல்லா.

நாற்பத்தைந்து வயது. இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. முதல் தடவை அவர் பிரேக் போட்டு மெஷின் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி உட்கார்ந்தார், மறுபடி நின்றது. வெளியே பெஞ்சில் ஏழு பேர். வசந்தகுமாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பாய், சொன்னா கேக்கமாட்டீங்களா?"

"கேக்காம இன்னாமா. போடக்கூடாதுன்னுதான் நெனச்சிகினு கீறேன். கால் தானா போவுது. ஆளு குறுக்க வந்தா அது என்ன கேட்டா போவுது?"

"கால அடக்குங்க. அது ஆளு இல்ல. படம்."

மூன்றாவது தடவையும் நின்றது. அன்றைக்கு அவரை விட்டிருக்கலாம். சீட்டை எழுதிக் கொடுத்து, போங்க பாய் என்றிருக்கலாம். ஆனால் சண்முகசுந்தரம் வேறு தலையை நீட்டிவிட்டுப் போயிருந்தார். வசந்தகுமாரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மழைக் காட்சி வந்ததும், "விடாதீங்க, அழுத்துங்க, அழுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலாவது தடவை அவர் கால் போகவில்லை. லாரி மஞ்சக்காவுக்குள் புகுந்து போயிற்று. அவள் கை தட்டினாள். ஹபிபுல்லா சிரிக்கவில்லை. நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சீட்டைக்கூட வாங்காமல் இறங்கிப் போனார். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்தார், சொன்னபடி ஓட்டினார், மற்றவர்களைப் போல வரேன் மஞ்சக்கா என்றும் சொன்னார். அவருக்கும் பழகிவிட்டது.

தொண்ணூற்றேழு நவம்பரில் அடைமழை. ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகிற ரோட்டில், காலை பத்து மணிக்கு, ஹபிபுல்லா ஓட்டிவந்த லாரி நாகம்மா என்கிற பெண்ணின் மேல் ஏறிற்று. ஆவடி குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்குச் சமையல் செய்கிறவள் அவள். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். மழைக்கு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னால் சுற்றி ரோட்டில் இறங்கியிருக்கிறாள். லாரி பிரேக்கே போடவில்லை. நாற்பது அடி தாண்டித்தான் நின்றது. உயிர் பிழைத்துவிட்டாள். வலது காலைத் தொடைக்கு நடுவில் எடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டபோது வசந்தகுமாரி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் விரல் நின்றது. எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றாள். அங்கேயே ஒரு சமாதானத்தையும் கண்டுபிடித்தாள். இருபத்திரண்டு வருஷம் ஓட்டின மனுஷனுக்குத் திரை எது, ரோடு எது என்று தெரியாமலா போகும்? ராத்திரி முழுக்க ஓட்டியிருப்பார், கண் அசந்திருப்பார், டிரைவர் என்றால் நடக்கிறதுதான். இதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டாள். நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்றும் அவளுக்குத் தோன்றாமல் இல்லை.

சண்முகசுந்தரத்துக்கு வேறு கவலை. டிரைவருக்குச் சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லை என்று கம்பெனி மேல் பழி வந்துவிடக்கூடாது. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஹபிபுல்லா வாங்கிய சீட்டைத் தேடி எடுத்து, நகல் எடுத்து, ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பாதசாரி கவனம் பத்துக்குப் பத்து. கீழே வசந்தகுமாரியின் கையெழுத்து, நல்ல கொட்டை எழுத்தில்.

அந்த வாரமே, "கம்பெனி சார்புல யாராச்சும் போய்ப் பாக்கணும், பொம்பள போனா நல்லாருக்கும்" என்று சொல்லி ஒரு பழக்கூடையையும் கையில் கொடுத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நாகம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை இடது பக்கம் நீளமாகவும் வலது பக்கம் பாதியிலேயே சப்பையாகவும் கிடந்தது. வசந்தகுமாரி அதைப் பார்க்காமல் கூடையைக் கீழே வைத்தாள்.

"லாரி கம்பெனியா?" என்றாள் நாகம்மா. குரலில் கோபமே இல்லை. "ஒன்னு கேக்கறேன், தெரிஞ்சா சொல்லும்மா. அந்த டைவருக்கு என் மேல இன்னா கோவம்?"

"என்னக்கா சொல்றீங்க?"

"தூங்கிட்டான், கவனிக்கலன்னு எல்லாரும் சொல்றாங்கோ. அவன் தூங்கலம்மா. நான் அவன் கண்ண பாத்தேன். அவனும் என்ன பாத்தான். நேரா பாத்துகினே வந்தான். நான் கைய தூக்கினேன். வாயகூட அசைச்சான், என்னமோ சொன்னான். நாய் குறுக்க வந்தாகூட பிரேக் போடுவாங்களே. நான் அவன முன்ன பின்ன பாத்ததுகூட இல்லியே. எனுக்கு கால் போனதுகூட இல்லம்மா, ஒரு மனுசன் என்ன பாத்துகினே ஏத்தினான் பாரு, அதுதான் எனுக்கு தூக்கமே வர்ல."

ஹபிபுல்லா வாயை அசைத்து என்ன சொல்லியிருப்பார் என்று வசந்தகுமாரிக்குத் தெரியும். நாகம்மாவின் கையைப் பிடிக்கப் போனவள் பிடிக்காமல் எழுந்துவிட்டாள். அந்தக் கையைத் தொடுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது.

நாகம்மா இதையே போலீசிடமும் சொல்லியிருந்தாள். பார்த்துக்கொண்டே ஏற்றினான் என்றால் அது விபத்து இல்லை, கொலை முயற்சி. சீட்டும் அதற்கு ஒத்து ஊதியது. பாதசாரி கவனத்தில் பத்துக்குப் பத்து வாங்குகிறவன், ஆளைக் கவனிக்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? கவனித்தான், கவனித்தேதான் ஏற்றினான். கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அனுப்பிய காகிதம் ஹபிபுல்லாவின் கழுத்தில் போய் விழுந்தது. இப்போதைக்கு ஜாமீனில் விட்டிருந்தார்கள். வழக்கை மாற்றி எழுதினால் பத்து வருஷம்கூடப் போகலாம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தகுமாரி மேனாம்பேட்டில் தன் வீட்டுக்காரரிடம் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனாள். ஹபிபுல்லாவின் மனைவி நசீம் பானு கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும், "வாம்மா, சீட்டு எழுதற தங்கச்சிதான?" என்று பாயை விரித்தாள். டீ போட உள்ளே போனாள். ஹபிபுல்லா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் பாதியாக இளைத்திருந்தார். வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மா எப்படி கீறாங்கோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இருக்காங்க பாய்."

"பிரேக்குக்கு கால் போவல வசந்தாமா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பஸ்ஸு நின்னுகினு கீது. மழ. மஞ்சளா வராங்கோ. எல்லாம் தெரியுது எனுக்கு. கால் ஆக்சிலேட்டர்லயே கீது. வாயி பாட்டுக்கு, வரேன் மஞ்சக்கான்னுச்சு. சொல்லி முடிச்ச பின்னாடிதான் வண்டி குலுங்கிச்சு. பொம்ம வண்டி அந்த எடத்துல குலுங்காதே. அப்பதான் எனுக்கு புரிஞ்சிது, ரோட்ல கீறேன்னு."

அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"உன் பேர நான் எடுக்கல. எடுத்துதான் இன்னா? பொம்ம வண்டில பழகின பழக்கம்னு சொன்னா ஸ்டேசன்ல சிரிப்பாங்கோ. வேற எவனாவது சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். உனுக்கும் வேல கீது, குடும்பம் கீது. நீ எதுக்கு நடுவுல?"

திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால்கூடத் தேவலை. டீயைப் பாதி குடித்து வைத்துவிட்டு எழுந்தாள். நசீம் பானு தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள்.

"கோழி அறுக்கச்சே அந்தாண்ட திரும்பிக்கிற ஆளும்மா இவரு. வேணும்னே ஏத்தினாருன்னு சொல்றாங்களே. கம்பெனில கீறியே, உனுக்கு எதுனா தெரியுமா?"

"எனக்கு என்னக்கா தெரியும்" என்றாள் வசந்தகுமாரி. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்த மூன்று வார்த்தையை நினைத்து நினைத்து அழுதாள். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாள்.

ஆனாலும் பாருங்கள், மனசு எவ்வளவு திருட்டு மனசு. அம்பத்தூர் வருவதற்குள் பழைய சமாதானம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பாவம் பாய், அவரே அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார். நிஜமாகவே கால் போகாமலா இருக்கும்? பயத்தில் விறைத்திருக்கும். நான் சொல்லிக் கொடுத்தது வேறு, அது வேறு. இப்படி இரண்டு நாளை ஓட்டினாள்.

புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வீரராகவன் வந்தார். ஹபிபுல்லாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "நாளைக்கு செக்‌ஷன் மாத்தறதா வேணாமான்னு நான் எழுதணும். இந்த மார்க் சீட்டு எந்த மெஷின்லேந்து வருதுன்னு கண்ணால பாத்துடறேன்" என்றார்.

சண்முகசுந்தரம் வசந்தகுமாரியைத் தனியாகக் கூப்பிட்டார். "டிரைவர எவனையும் உக்கார வெக்க வேணாம். நீங்களே ஓட்டிக் காமிங்க. நடுவுல நிக்காம பாத்துக்கங்க. நின்னா மெஷின் சரியில்லன்னு எழுதிடுவார். அப்புறம் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

அவள் சரி என்று தலையாட்டினாள். கேபினில் ஏறும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். வாயால் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. காலால் சொல்லிவிடலாம். மஞ்சக்கா வரும்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பாள். மெஷின் உறையும். இன்ஸ்பெக்டர் ஏன் என்று கேட்பார். இங்கே பிரேக் போட்டால் நிற்குமென்றால் நூற்று நாற்பது பேர் எப்படி நிற்காமல் ஓட்டினார்கள் என்று அவரே கேட்பார். அப்புறம் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். ஒரு மிதி மிதித்தால் போதும்.

ஓட்டினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேனேஜரும் ஹபிபுல்லாவும் பின்னால் நின்றிருந்தார்கள். பத்தாவது நிமிஷம் வெயில் போயிற்று. பதினோராவது நிமிஷம் மழை பிடித்தது. பிரேக், பிரேக் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இடது பக்கம் பஸ் நின்றிருந்தது. பஸ்ஸுக்கு முன்னாலிருந்து மஞ்சள் கோட்டு இறங்கிற்று.

அவள் கால் அசையவில்லை.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கால் ஆக்சிலேட்டரின் மேல் பேசாமல் இருந்தது. உதடு மட்டும் மெல்ல, "வரேன் மஞ்சக்கா" என்றது. லாரி புகுந்து போயிற்று. பின்னால் ஹபிபுல்லா மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. மீதி எட்டு நிமிஷமும் ரோடு ஓடிக்கொண்டே இருந்தது, எதைப் பார்த்தாள் எப்படி ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது.

"பாத்தீங்களா சார், தொண்ணூத்தெட்டு. வண்டி ஓட்டவே தெரியாதவங்க இவங்க. அவ்வளவு ஈசி" என்றார் சண்முகசுந்தரம்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கமே திரும்பவில்லை. "ஏம்மா, நடுவுல ஒரு பொம்பள குறுக்க வந்தாளே. நீ ஏன் பிரேக் போடல?"

"போடத்தான் சார் உக்காந்தேன்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "போடணும்னு முடிவு பண்ணித்தான் உக்காந்தேன். கால் போகல."

சொல்லிவிட்டு ஹபிபுல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் கலங்கி நின்றிருந்தார். இத்தனை நாளாகக் கட்டி வைத்திருந்த சமாதானம் மொத்தமும் அவளிடமிருந்து கழன்று விழுந்தது. அப்புறம் அவளை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சண்முகசுந்தரம் இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அடக்கினார். இன்ஜினியர் சொன்னது, தான் போட்ட சட்டம், மஞ்சக்கா பெயர், சிரிப்பு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாலாவது தடவையில் ஹபிபுல்லாவின் காலை அடக்க வைத்தது, கை தட்டினது, எல்லாவற்றையும் சொன்னாள். "அவருக்குப் பிரேக் போடற கால்தான் சார் இருந்தது. நான்தான் அத மறக்க வெச்சேன். அந்தப் பத்துக்குப் பத்து பொய். அதுல இருக்கறது என் கையெழுத்து."

வீரராகவன் சிரிக்கவில்லை. "இத எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கறேன் சார்."

"வேல போயிடும்மா. உன் மேலயும் கேஸ் வரலாம்."

"வரட்டும் சார்."

"சரி. பிரேக் போட்டா நிக்கும்னியே, அதையும் காமி. பாக்காம நான் எழுதக்கூடாது."

மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். இந்தத் தடவை தன் காலை அவளே நம்பவில்லை. பழையபடி ஏமாற்றிவிடுமோ என்ற பயத்தில், பதினோராவது நிமிஷம் மழை ஆரம்பித்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டாள். ஓங்கி மிதிக்கவும் தெம்பு இல்லை. நடுங்குகிற காலின் கனத்துக்கே பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. லாரி மெதுவாயிற்று. பஸ்ஸுக்கு ரொம்பத் தூரத்திலேயே, அலுங்காமல் நின்றது.

மெஷின் உறையவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது. பஸ்ஸுக்கு முன்னாலிருந்து மஞ்சக்கா இறங்கினாள். ஒன்றரை வருஷமாக அவளைப் பார்க்கிறவர்களில் ஒருத்தர்கூட அவளை முழுசாகப் பார்த்ததில்லை. நடுத்தர வயசு, சப்பை மூக்கு, கையில் ஒரு காய்கறிப் பை. ரோட்டின் நடுவில் வந்ததும் லாரியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தினதற்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்து, பிளாட்பாரத்தில் ஏறி, மழைக்குள் போய்விட்டாள்.

மெஷின் உறையாமல் அந்த இடத்தில் நிற்க ஒரு வழி இருந்திருக்கிறது. பஸ் நின்றால் முன்கூட்டியே வேகத்தைக் குறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வசந்தகுமாரிக்கு அது தோன்றவில்லை. டிரைவர்களுக்கும் தோன்றவில்லை. நிற்காமல் போவதற்குத்தான் அவள் வழி தேடினாள்.

ஹபிபுல்லா பின்னாலிருந்து நகர்ந்து கேபின் கதவருகே வந்து நின்றார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்ட தாண்ட இவ்ளோ நேரந்தானா வசந்தாமா?" என்றார்.

எதிரே ரோடு காலியாக இருந்தது. சண்முகசுந்தரம் மெஷினை அணைக்கச் சொன்னார். வசந்தகுமாரி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.